நோட்டிஃபை-சென்ட்: ரெண்டர் முடிந்ததும் கூப்பிடும் சின்னக் கட்டளை

லினக்ஸில் நோட்டிஃபை-சென்ட் (notify-send) என்று ஒரு கட்டளை இருக்கிறது. காசு கிடையாது. உபுண்டு போட்ட கம்ப்யூட்டரில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும், இல்லையென்றால் லிப்நோட்டிஃபை-பின் (libnotify-bin) என்ற பேக்கேஜை ஏற்றிக்கொள்ளுங்கள். டெர்மினலில் அதன் பெயரை அடித்து, மேற்கோள் குறிக்குள் ஒரு தலைப்பு, இன்னொரு மேற்கோளுக்குள் ஒரு வரி கொடுத்தால் திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி எழும்பி அதைக் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பசாரை ஒட்டிய ஒரு மாடிக் கடையில் கல்யாணம், காதுகுத்து, தைப்பூச வீடியோ எடிட் செய்வது எங்கள் பிழைப்பு. தைப்பூசம் முடிந்த வாரம் வெள்ளி ரதம், தங்க ரதம், தண்ணீர்மலைக் காவடி என்று மணிக்கணக்கில் ஃபைல்கள் வந்து குவியும், அத்தனையையும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரலில் போட்டு மாற்ற வேண்டும் (இதைத்தான் ரெண்டர் என்கிறோம்), அது ஓடுகிற நேரத்தில் நானும் தம்பியும் வேறு மேசையில் ஆல்பம் அடுக்கிக்கொண்டிருப்போம். "அண்ணே, முடிஞ்சிருச்சா?" என்று அவன் கேட்க, நான் எழுந்துபோய்ப் பார்க்க, பாதிகூட ஆகியிருக்காது. இப்போது அந்தக் கேள்வியே வருவதில்லை.

எப்படிச் சேர்ப்பது என்பதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எஃப்எஃப்எம்பெக் கட்டளைக்குப் பின்னால் && போட்டு அறிவிப்பைச் சேர்த்தால் வேலை நல்லபடியாக முடிந்தால் மட்டுமே பெட்டி வரும். ஹார்ட்டிஸ்க் நிறைந்துபோய் நடுவில் நின்றுவிட்டால் ஒன்றும் வராது, நீங்கள் இன்னும் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதனால் || போட்டு, தோற்றால் வேறு வாசகம் வருகிற மாதிரி இன்னொரு அறிவிப்பையும் எழுதி வையுங்கள். அந்த இரண்டாவதுக்குத்தான் அவசரநிலையைக் கிரிட்டிக்கல் என்று கொடுக்க வேண்டும். லோ, நார்மல், கிரிட்டிக்கல் என மூன்று நிலை உண்டு. கிரிட்டிக்கல் அறிவிப்பு தானாக மறையக் கூடாது என்பதுதான் லினக்ஸ் திரைகளுக்குப் பொது விதி எழுதும் ஃப்ரீடெஸ்க்டாப் திட்டம் வகுத்த விதி, உபுண்டுவின் வழக்கமான திரைச்சூழலான க்னோமில் முழுத்திரையில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தாலும் அது மேலே வந்து நிற்கும். எல்லாவற்றுக்கும் கிரிட்டிக்கல் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள், இரண்டே நாளில் அவர்களே பார்க்காமல் மூடிவிடுவார்கள்.

பெட்டி எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்று மில்லி விநாடியில் சொல்ல ஒரு விருப்பம் இருக்கிறது. க்னோம் அதைக் கண்டுகொள்ளாது, கட்டளையின் கையேட்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. டன்ஸ்ட் மாதிரி வேறு அறிவிப்பு நிரல் வைத்திருப்பவர்களுக்கு அது கேட்கும். இதுதான் இந்தப் பொருளின் பெரிய குறை என்பேன்: கட்டளை அனுப்புவதோடு சரி, காட்டுவது யார், எப்படிக் காட்டுவார் என்பது அதன் கையில் இல்லை. ஒரே ஸ்கிரிப்டை வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டினால் பெட்டி வேறு இடத்தில், வேறு அளவில் வரும்.

கல்யாண ஃபைல் பெயர்களில் & இல்லாமல் இருக்காது. மாப்பிள்ளை பெயர், &, பெண் பெயர். அறிவிப்பின் கீழ் வரியில் தடித்த எழுத்து, சாய்வெழுத்து போடும் குறியீடுகளுக்கு இடம் இருப்பதால் அங்கே & என்பது சாதாரண எழுத்து இல்லை, அதை மாற்றி எழுதாமல் அனுப்பினால் என்ன நடக்கும் என்பது காட்டுகிற நிரலைப் பொறுத்தது. தலைப்பு வரியில் இந்தத் தொல்லை கிடையாது. ஃபைல் பெயரைத் தலைப்பில் போட்டுவிடுங்கள், 'முடிந்தது' என்பதைக் கீழே போடுங்கள், தீர்ந்தது. தமிழ் எழுத்து இரண்டு வரியிலும் ஒழுங்காகத் தெரியும், தமிழ் எழுத்துரு ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தால் போதும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும்.

நிறையப் பேர் முட்டி நிற்கிற இடம் கிரான், குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் நிரல். ராத்திரி பேக்கப்பைக் கிரானில் போட்டு, முடிந்ததும் அறிவிப்பு வர வேண்டும் என்று எழுதினால் கையால் ஓட்டும்போது வருகிற பெட்டி தானாக ஓடும்போது வராது. கட்டளையில் கோளாறு எதுவும் இல்லை. அறிவிப்பு டி-பஸ் வழியாக, அதாவது நிரல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாதை வழியாகப் போகிறது, நீங்கள் உள்நுழைந்திருக்கிற திரைக்கான டி-பஸ் முகவரி கிரானுக்குத் தெரியாது. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் அந்த முகவரியைக் கொடுக்க வேண்டும், கம்ப்யூட்டரின் முதல் பயனர் என்றால் வழக்கமாக 1000 என்ற எண்ணின் கீழ் இருக்கும். அதைவிட, லினக்ஸில் பின்னணி வேலைகளை நடத்தும் சிஸ்டம்டி-யின் பயனர் டைமரில் போடுவது எனக்குப் பிடித்திருக்கிறது, முகவரி அதற்கே தெரியும்.

சரி, கீழே இறங்கி தே தாரிக் குடிக்கப் போனால்? திரையில் எழும்பும் பெட்டி யாருக்கு? அதற்கு என்டிஎஃப்ஒய் (ntfy) என்று இன்னொரு இலவசச் சேவை. இணையத்துக்குத் தகவல் அனுப்பும் கர்ல் கட்டளையில் ஒரு வரியை அவர்கள் முகவரிக்கு, நீங்களே வைக்கும் ஒரு டாப்பிக் பெயரோடு அனுப்பினால் கைப்பேசிச் செயலியில் வந்து விழும். கைப்பேசிக்கு லைன் இல்லாவிட்டாலும் வழக்கமாக 12 மணி நேரம் வரை சர்வரில் செய்தி காத்திருக்கும். ஆனால் பொதுச் சர்வரில் உங்கள் டாப்பிக்கின் பெயர் தெரிந்த எவரும் அதைப் படிக்கலாம், அதனால் யாராலும் ஊகிக்க முடியாத பெயர் வையுங்கள், வாடிக்கையாளர் பெயரை அதில் அனுப்பவே வேண்டாம். மூலநிரல் திறந்தது, வேண்டுமென்றால் சொந்தமாகவே சர்வர் வைத்துக்கொள்ளலாம்.

முன்மேசையில் இருக்கும் விண்டோஸில் இதே வேலைக்கு பர்ன்ட்டோஸ்ட் என்கிற மாட்யூல், விண்டோஸின் கட்டளை நிரலான பவர்ஷெல்லில் சேர்ப்பது. வேலை செய்கிறது. தமிழ் வாசகம் எழுதுவதாக இருந்தால் ஸ்கிரிப்டை பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் எழுத்து முறையைச் சொல்லும் குறி) சேர்த்த யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள், இல்லையென்றால் விண்டோஸோடு வரும் 5.1 பவர்ஷெல் அதைக் கிறுக்கலாக்கிவிடும்.

புதிய நோட்டிஃபை-சென்டில் பெட்டியோடு பொத்தானும் வைக்கலாம், பழைய பதிப்புகளில் இது இல்லை. 'ஃபோல்டரைத் திற' என்று தமிழிலேயே ஒரு பொத்தான் வைத்திருக்கிறேன், அமுக்கினால் முடிந்த வீடியோ இருக்கிற இடம் திறக்கும். ஒரு விஷயம்: பொத்தானை அமுக்கும்வரை அல்லது பெட்டியை மூடும்வரை ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே காத்து நிற்கும், எனவே அதைக் கடைசி வரியாக வையுங்கள்.