பழைய பெயிண்டைச் சுரண்டப் போகிறீர்களா? எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, பழைய பெயிண்டைச் சுரண்டிப் புதிதாக அடிக்க ஆள் தேடுகிறீர்கள் என்றால், இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

எங்களுடையது பல கை மாறிய வீடு. ஜன்னல் கம்பியிலும் கதவு நிலையிலும் பெயிண்ட் அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருந்தது. வேலை பேசும்போதே காண்ட்ராக்டரிடம், "இதில் காரீயம் (லெட்) இருக்குமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அந்தக் காலம் மேடம். இப்ப வர்ற பெயிண்ட்ல காரீயமே கிடையாது" என்று டப்பாவைத் திருப்பி லேபிளைக் காட்டினார். அடிக்கப்போகும் பெயிண்டுக்கு அது பதில். சுரண்டப்போகும் பெயிண்டுக்கு அவரிடம் பதிலே இல்லை. பழைய வெள்ளைப் பெயிண்டில் எடையில் பாதிவரை காரீயம் இருந்ததுண்டு. இரும்புக் கம்பிக்கு அடித்த சிவப்புப் பிரைமரிலும் பளிச்சென்ற மஞ்சளிலும் அதே கதைதான்.

தண்ணீர் தெளித்து, பிளாஸ்டிக் விரித்துச் சுரண்டுவதாகத்தான் பேச்சு. வந்த ஆட்கள் சாண்டிங் மெஷினைப் போட்டு உலர்வாகவே தேய்த்துத் தள்ளிவிட்டார்கள். கேட்டால், தண்ணீர் விட்டால் வேலை இழுக்குமாம். தூசி மாவு மாதிரி நைசாக இருந்தது. ஜன்னல் சட்டத்தின் பள்ளத்தில், தொட்டில் விளிம்பில், துணிப் பொம்மையின் மடிப்புக்குள் எல்லாம் விரலில் ஒட்டியது. சாயங்காலம் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு "கிளீன் பண்ணியாச்சு" என்றார்கள். உலர்ந்த துடைப்பம் இந்தத் தூசியைக் கிளப்பி அறை முழுக்கப் படியவைக்கும், அவ்வளவுதான் செய்யும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். உள்ளே போவதற்கு வேறு வழியே தேவையில்லை. வேலை செய்த பையன்களுக்கு முகக்கவசம்கூடக் கொடுக்கவில்லை. அவர்கள் சட்டையோடு அந்தத் தூசி யார் யார் வீட்டுக்குப் போனதோ!

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தும் இல்லை. 1904-லேயே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற மருத்துவர், குழந்தைகளுக்கு வந்த காரீய நச்சுக்கு வீட்டுப் பெயிண்டைக் காரணம் காட்டி எழுதிவிட்டார்.

அடுத்த கூத்து ரத்தப் பரிசோதனையில். குழந்தைக்கு ஒரு டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம் என்று வந்தது. பக்கத்திலேயே 'இயல்பு அளவு: 25-க்குள்' என்று அச்சடித்திருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர் "நார்மல்தான், கவலைப்படாதீங்க" என்று கையில் திணித்தார். அந்த 25 அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 1985-இல் வைத்திருந்த வரம்பு. 1960-களில் 60 வரை பரவாயில்லை என்றார்கள்; 1991-இல் 10, 2012-இல் 5, 2021-இல் 3.5 என்று இறக்கிக்கொண்டே வந்தார்கள். பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுங்கும் காரீயத்தில் பெரியவர்களைவிட 4-5 மடங்கு குழந்தைகளின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். கால்சியம் என்று ஏமாந்து எலும்பு அதைப் பல வருடம் சேர்த்துவைக்கும். மூளை வளர்ச்சியைத்தான் முதலில் தொடும், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமலே.

நல்லவேளை, எங்கள் குழந்தை மருத்துவர் அந்த 'நார்மலை' ஏற்கவில்லை. மருந்து கொடுத்துக் காரீயத்தை வெளியேற்றும் சிகிச்சையைப் பொதுவாக 45-க்கு மேல்தான் யோசிப்பார்களாம். அதற்குக் கீழே, தூசியை ஒழிப்பதும் இரும்புச் சத்தும் கால்சியமும் குறையாமல் பார்ப்பதும்தான் வழி என்றார். சரி, அதைச் செய்துகொண்டிருக்கிறோம். அளவு மெல்ல இறங்குகிறது.

காண்ட்ராக்டரிடம் அறிக்கையைக் காட்டினேன். "என் வேலையாலதான் வந்ததுன்னு நிரூபிங்க" என்றார். இதுவும் பழைய வசனம். பெட்ரோலில் காரீயம் கலந்தவர்கள் 1920-களிலேயே இதைத்தான் பேசினார்கள்: கெடுதல் என்று நீ காட்டு, அதுவரை நான் விற்கிறேன். 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற அமெரிக்க மருத்துவர், பிள்ளைகளின் விழுந்த பால்பற்களில் காரீயத்தை அளந்து, அது கூடின பிள்ளைகளின் அறிவுத்திறன் குறைந்திருப்பதைக் காட்டினார். அவர்மீதே முறைகேட்டுக் குற்றச்சாட்டு கிளப்பினார்கள். விசாரணையில் அது நிற்கவில்லை. கடைசி நாடான அல்ஜீரியாவில் அந்தப் பெட்ரோல் விற்பனை நின்றது 2021-இல். ஒரு நூற்றாண்டு இழுத்தடித்திருக்கிறார்கள்.

ஆகவே, சுரண்டுவதற்கு முன்பே பெயிண்ட் சில்லு ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். காரீயம் இருந்தால் உலர்வாகத் தேய்ப்பதோ சூடு காட்டி உரிப்பதோ கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வேலை முடியும்வரை குழந்தையும் கர்ப்பிணியும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம். அப்புறம் தரையை ஈரத்துணியால் துடையுங்கள். சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கம் துப்பிவிடும். விரல் நுனியில் எடுத்த ரத்தத்தில் அளவு கூடுதலாக வந்தால், தோலில் ஒட்டிய தூசியாகவும் இருக்கலாம் என்பதால் கை ரத்தக்குழாயில் ஊசி போட்டு எடுத்து உறுதி செய்யச் சொல்லுங்கள். அறிக்கையில் 'நார்மல்' என்று போட்டிருந்தால், எந்த வருடத்து வரம்பு என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்கும் காண்ட்ராக்டருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.