குடும்ப சாசன ஆலோசனைச் சேவை: எதைப் பார்த்து வாங்கலாம்?

குடும்பத் தொழிலில் யாருக்கு என்ன உரிமை, என்ன பொறுப்பு என்று எழுதிவைக்கும் விதித் தொகுப்புதான் குடும்ப சாசனம். அதற்கு உதவும் ஆலோசகர்கள் வழக்கமாக முதலில் விரிப்பது மூன்று வட்டப் படம்: குடும்பம், பங்குரிமை, தொழில். 1978இல் ஹார்வர்டில் டகியூரி, டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் வகுத்தது. வட்டங்கள் வெட்டிக்கொள்ளும்போது 7 இடங்கள் கிடைக்கும். வீட்டில் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று குறிக்க வேண்டும். பங்கு மட்டும் வைத்திருக்கும் அக்கா டிவிடெண்ட் கேட்பதும், பங்கே இல்லாமல் ஆலையை நடத்தும் தம்பி புது மிஷின் கேட்பதும் ஏன் என்று அப்போதே விளங்கிவிடும். இதற்கே பாதிக் காசு கொடுக்கலாம்.

சொதப்புவது சாசனத்தில்தான். 'ஒற்றுமையாக இருப்போம்' என்று 20 பக்கம் எழுதி என்ன பயன்? செக்கில் கையெழுத்து யாருடையது, எந்தத் தேதியிலிருந்து? அப்பா சேர்மன் ஆனபின்னும் அந்தக் கையெழுத்தை விடாவிட்டால், மேனேஜர் மகனிடம் தலையாட்டிவிட்டு அவரிடம்தான் போய்க் கேட்பார். வேலைக்குச் சம்பளம், பங்குக்கு லாபம் எனப் பிரித்திருக்கிறதா? விலகுபவரின் பங்குக்கு விலை போடும் முறை, தவணை?

பார்ட்னர்ஷிப்பாக நடக்கும் தொழில் என்றால் இவை கூட்டுப் பத்திரத்திலும் (பார்ட்னர்ஷிப் டீட்) ஏற வேண்டும். 1932 இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஒரு பங்குதாரர் இறந்தாலே கூட்டு கலைந்துவிடும்.

மருமகள்கள் உட்பட எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசாமல் நேராகக் கூட்டம் போடுகிற பேக்கேஜ் வேண்டாம். பெரியவர் முன்னால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.