ஒரே போர்டில் குளிரும் நிற்கும், சத்தமும் நிற்கும் என்று சொன்னால் நம்பாதீர்கள்

பழைய வரிசை வீடு வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் இதைப் படித்துவிட்டுச் சுவரில் கை வையுங்கள்.

எங்கள் வீடு வரிசையின் நடுவில் இருக்கிறது. இடமும் வலமும் பக்கத்து வீடுகளோடு பொதுச்சுவர். முன்சுவரும் பின்சுவரும்தான் மழையையும் காற்றையும் நேராக வாங்குபவை. எல்லாமே 9 இன்ச் செங்கல் சுவர், உள்ளே காற்று இடைவெளி கிடையாது. குளிர்காலத்தில் முன்சுவரைத் தொட்டால் கை விறைத்துப்போகும். மாடிப் படுக்கையறையின் பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு மாடிப்படி. அவர்கள் படியேறுவதும், அவர்கள் வீட்டு டிவி பேசுவதும் எங்கள் தலைமாட்டில் கேட்கும். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல மனிதர்கள். ஆனால் என் மனைவிக்கு இரவுப் பணி. பகலில் நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினால் அதுவே பெரிய விஷயம்.

இதற்காகத்தான் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். வந்தவர் அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை, சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. டேப் வைத்துச் சதுர அடி எடுத்தார். "சார், ஒரே போர்டு, ரெண்டு வேலை. குளிரும் நிக்கும், சத்தமும் நிக்கும். 50 டெசிபல் கேரண்டி" என்றார். டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு; அந்த அளவுக்குச் சத்தத்தைத் தடுக்குமாம். கையேட்டிலும் 50 என்று பெரிதாக அச்சடித்திருந்தது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஜிப்சம் போர்டின் பின்னால் நுரை ஒட்டிய பலகைகளை எல்லாச் சுவரிலும் சாந்து உருண்டை வைத்து மூன்றே நாளில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

முதல் வாரமே மனைவி சொன்னாள், "முன்னைவிட அதிகமா கேக்குதுங்க." புது இடத்தில் தூக்கம் பிடிக்காதது போலத்தான் என்று நான் சமாதானம் சொன்னேன். அவள் சொன்னதுதான் சரி. டிவியில் பேசும் ஆண் குரலும் படிக்கட்டின் திம் திம்மும் கூடியிருந்தன. நிறுவனத்துக்குப் போன் செய்தால், "பக்கத்து வீட்டுல சத்தம் கூடியிருக்கும் சார்" என்று பதில் வந்தது. பிறகு போனையே எடுக்கவில்லை.

கடைசியில், பொருள் எதுவும் விற்காத, அளந்து சொல்வதை மட்டுமே தொழிலாக வைத்திருக்கும் ஒரு ஒலிப் பொறியாளரை வரவழைத்தோம். அவரைத்தான் முதலில் கூப்பிட்டிருக்க வேண்டும். ஒரு போர்டைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பொறுமையாக விளக்கினார்.

இரண்டு பக்கமும் பூசிய, ஓட்டை இல்லாத 9 இன்ச் செங்கல் சுவரே ஏறக்குறைய 50 டெசிபல் தடுக்குமாம். எங்களுக்கு விற்ற எண், சுவரிடம் ஏற்கெனவே இருக்க வேண்டிய எண்! அந்தச் சுவர் சதுர மீட்டருக்கு 400 கிலோ அளவில் எடை. காற்றில் வரும் சத்தத்தைத் தடுப்பது முதலில் எடைதான். எடையை இரட்டிப்பாக்கினால்தான் 5, 6 டெசிபல் கூடும். சத்தம் பாதியாகக் குறைந்தது போல் காதுக்குத் தோன்ற 10 டெசிபல் வேண்டும். பத்துக் கிலோ சொச்சம் எடையுள்ள போர்டை ஒட்டி என்ன ஆகப்போகிறது? அதிலும் கெட்டியான நுரையை நேராகச் சுவரில் ஒட்டினால், கனமான சுவர், நடுவில் நுரையும் அடைபட்ட காற்றும், மேலே லேசான போர்டு என்று அமைந்து, மத்தளத் தோல் போல சில அதிர்வெண்களில் சேர்ந்து அதிரும். அங்கே சத்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். என் மனைவிக்குக் கேட்டது அதுதான்.

போர்டுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. மாடியின் தரைமட்டத்துக்குக் கீழே, உத்திரக் கட்டைகள் பொதுச்சுவருக்குள் நுழையும் இடங்களில் சாந்து உதிர்ந்து கை நுழையும் அளவுக்குப் பொந்துகள். பழைய கணப்பு அடுப்பின் முதுகில் செங்கல்லே இல்லாத ஓர் இடம். சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மிச்சச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபல் அளவிலேயே நின்றுவிடும் என்றார். போர்டு ஒட்டியவர்கள் இந்தப் பொந்துகளைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஒரு பொந்தில் அவர்களுடைய சாந்துப் பை ஒன்று திணித்துக் கிடந்தது. இரண்டு கூடை சுண்ணாம்புச் சாந்தில் முடிந்திருக்கும் வேலை அது.

படியேறும் சத்தம் வேறு வகை. அது காற்றில் வருவதில்லை. படியும் உத்திரமும் சுவருக்குள் பதிந்திருப்பதால் கட்டடத்தின் எலும்பு வழியாக வருகிறது. அதைக் குறைக்க, பொதுச்சுவரைத் தொடாமல் தனியாக நிற்கும் ஒரு சட்டம், அதற்குள் ராக்வூல் என்ற கல் இழைப் பஞ்சு, மேலே இரண்டு அடுக்குக் கனமான ஜிப்சம் போர்டு, ஓரமெல்லாம் சந்தை அடைக்க இறுகாத சீலன்ட் பசை வேண்டும். பழைய சுவரோடு அதை ஒரு திருகாணிகூட இணைக்கக் கூடாது. சுவிட்ச் பெட்டிக்காக அதில் ஓட்டை போடவும் கூடாது. அறையில் ஒரு சாண் இடம் போகும். அதற்கு மனசில்லாதவர்களிடம்தான் மெல்லிய போர்டு நன்றாக விலைபோகிறது.

குளிர் விஷயத்திலும் ஏமாற்றுதான். பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் வாழும் வெதுவெதுப்பான வீடு இருக்கிறது. அங்கே வெப்பம் அதிகம் போவதே இல்லை. அந்தச் சுவரில் நுரை ஒட்டியது வெறும் சதுர அடிக் கணக்கைக் கூட்டத்தான்.

வெளிச்சுவரில் நுரை தேவைதான், ஆனால் ஒட்டிய விதம் ஆபத்து. மேலே மழைநீர்க் குழாய் உடைந்து முன்சுவர் ஏற்கெனவே ஓதம் காத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல் அப்படியே மூடிவிட்டார்கள். உள்ளே நுரை வந்ததும் அறையின் சூடு செங்கல்லுக்குப் போகாமல் அது இன்னும் குளிர்ந்துவிடுகிறது. 20 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறைக் காற்று 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பரப்பைத் தொட்டால் நீர்த்துளியாகிவிடும். சாந்து உருண்டைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் அந்தக் காற்று தாராளமாகப் போய்வந்தது. ஜன்னல் ஓரங்களில் நுரையே வைக்கவில்லை, அங்கேயும் ஈரம். ஒரே குளிர்காலத்தில் போர்டின் முதுகு முழுக்கக் கரும்பூசணம். முன்சுவருக்குள் செருகியிருக்கும் உத்திர முனை ஒன்றில் திருப்புளியை அழுத்தினால் உள்ளே இறங்குகிறது.

உத்தரவாதப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். போர்டு உடையாது என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம். வீட்டில் எவ்வளவு சத்தம் குறையும் என்று ஒரு வரி இல்லை. கையேட்டின் 50, ஆய்வுக்கூடத்தில் தனிச்சட்டமும் ராக்வூலும் சேர்த்துக் கட்டிய முழுச் சுவருக்கு வந்த எண் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. இப்போது யாராவது என்னிடம் கேட்டால், வேலைக்கு முன்னும் பின்னும் உங்கள் வீட்டிலேயே அளந்து காட்டுவதாக எழுதி வாங்குங்கள் என்பேன். வீட்டில் அளப்பதற்கு ஐஎஸ்ஓ 16283 என்ற தரநெறியே இருக்கிறது. எழுதித் தர மறுத்தால் அனுப்பிவிடுங்கள். பாதிப் பணத்தையாவது இரண்டாவது அளவீடு வரும்வரை கையில் வைத்திருங்கள்.

போன வாரம் மாடியில் எல்லாப் போர்டையும் கழற்றிவிட்டோம். மழைநீர்க் குழாய் மாற்றியாயிற்று. முன்சுவர் காயும்வரை அதில் எதுவும் செய்ய வேண்டாம் என்று பொறியாளர் சொல்லியிருக்கிறார். பொந்துகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்த அன்று மாலை பக்கத்து வீட்டு டிவி பேச்சு பெரும்பாலும் அடங்கிவிட்டது. காலடிச் சத்தம் அப்படியேதான் இருக்கிறது. தனிச்சட்டம் போடப் பணம் சேரும்வரை மனைவி பின்னறையில் தூங்குகிறாள்.