பக்கத்தில் நிற்கும் தூணா, மேலே ஏறும் தூணா?

திருகோணமலையில் ஒரு மீனவர் சங்கத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். எந்த மாதம் எத்தனை கிலோ சூடை, பாரை, அறுக்குளா கரைக்கு வந்தது என்று எக்செலில் பதிந்து, கூட்டத்தில் படமாகக் காட்டவேண்டும். பள்ளிக்கூடத்தில் நிரல் வரைபு என்று படித்தோமே, அதுதான். அட்டவணையைத் தெரிவுசெய்து எஃப்11 ஐ அமத்தினால் தனித் தாளில் வந்து நிற்கும்.

அப்படித் தானாக வருவது கிளஸ்டர்ட் வகை. மாதத்துக்கு மூன்று தூண், பக்கத்தில் பக்கத்தில். எல்லாத் தூணுக்கும் கால் தரையில் இருப்பதால் எது உயரம் என்று கண்ணே சொல்லிவிடும். மூன்று வகை மீன் வரைக்கும் இதை அடிக்க ஆளில்லை. ஆறு வகையைப் போட்டுப் பார்த்தேன். பனைமட்டை வேலி மாதிரி ஆகிவிட்டது.

மொத்தப் பிடி எவ்வளவு என்று கேட்டால் கிளஸ்டர்ட் வாயைத் திறக்காது. அதற்கு ஸ்டாக்ட் வேண்டும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது. ஆனால் அதில் அடியில் இருக்கும் மீனுக்கு மட்டும்தான் தரை. மேலே இருப்பவை மாதத்துக்கு மாதம் வேறு வேறு உயரத்தில் தொடங்குவதால், பாரை கூடியதா குறைந்ததா என்று சண்டைதான் வரும். எந்த மீனைப் பற்றிப் பேச்சு வருமோ அதை அட்டவணையில் மாதத்துக்கு அடுத்த முதல் மீன் நிரலுக்குக் கொண்டுவாருங்கள். வரைபில் அது அடிக்கு வந்துவிடும்.

நூறு வீத ஸ்டாக்டில், அதாவது ஒவ்வொரு தூணையும் நூறாக எடுத்துப் பங்கை மட்டும் காட்டுவதில், எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு பேச்சுக்கு, ஜூலையில் 800 கிலோவில் பாரை 200. டிசம்பரில் வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காமல் கிடந்து, வந்த 60 கிலோவில் பாரை 45. வரைபில் இரண்டு தூணும் ஒரே உயரம். டிசம்பரில் பாரை முக்கால்வாசி. பார்ப்பவர் மாரியில்தான் பாரை அள்ளுகிறது என்று நினைப்பார். பங்கு மட்டும் போதுமென்றால் போடலாம், மொத்தக் கிலோவைப் பக்கத்தில் எழுதிவிட்டு.

முப்பரிமாணத் தூண்? ஒருமுறை ஆசைக்குப் போட்டேன். முன்வரிசைச் சூடை பின்வரிசையை மறைத்துவிட்டது. “தம்பி, அறுக்குளாவைக் காணேல்ல, அதையும் வித்துப்போட்டீங்களோ?” என்று ஒரு அண்ணன் கேட்டார். அன்றோடு விட்டேன்.

இன்னும் இரண்டு பொறி உண்டு. 460, 480, 500 என்று கிட்டக்கிட்ட எண்கள் வந்தால் எக்செல் அச்சை 0 இல் தொடங்காமல் 440 போல ஓரிடத்தில் தொடங்கிவிடும். அப்போது 460 கிலோ, 500 இன் மூன்றிலொரு பங்குபோல நிற்கும். அச்சில் வலது சொடுக்கி, ஃபோர்மட் அக்சிஸைத் திறந்து, மினிமத்தில் 0 என்று நீங்களே போடவேண்டும். அடுத்தது, 2023, 2024 என்று வருடங்களை முதல் நிரலில் எழுதித் தலைப்பும் வைத்தால், வருடத்தையும் மீன் என்று நினைத்து இரண்டாயிரத்துச் சொச்சம் உயரத்தில் தூண் எழுப்பும். வருடங்களுக்கு மேலே உள்ள அந்த மூலைக் கட்டத்தை வெறுமையாக விட்டால் சரி.

இப்போது கூட்டத்துக்கு ஸ்டாக்ட் ஒன்று, சூடையும் பாரையும் மட்டும் உள்ள கிளஸ்டர்ட் ஒன்று கொண்டுபோகிறேன். நிறம் கடுங்கறுப்பு, இளஞ்சாம்பல், வெள்ளை. போட்டோகொப்பி எடுத்தால் பச்சையும் செம்மஞ்சளும் ஒரே சாம்பலாகத்தானே வருகிறது.