காய்ச்சலோடு ஓடச் சொல்லும் பயிற்சியாளரிடம் பணம் கட்டாதீர்கள்

முதல் மாரத்தானுக்கு ஆன்லைனில் பயிற்சியாளர் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"உங்களுக்கென்றே போட்ட அட்டவணை, தினமும் கண்காணிப்பு" என்று சொல்லி என் பயிற்சியாளர் முழுக் கட்டணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார். நீண்ட ஓட்டங்கள் உச்சத்தில் இருந்த வாரத்தில் எனக்குக் காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சுச் சளி. படுத்திருக்கும்போதே இதயத் துடிப்பு எகிறியது. வாட்ச்சில் பதிவானதை அவருக்கு அனுப்பினேன். வந்த பதில்: "வேர்த்தால் சரியாகிவிடும். ஒரு இப்யூபுரூஃபன் போட்டுக்கொண்டு 28 கி.மீ. முடித்துவிடுங்கள். இந்த வாரத்தை விட்டால் பந்தயமே போச்சு."

இதில் ஒரு வரிகூடச் சரியில்லை. வைரஸ் தொற்று சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். அந்த நிலையில் கடுமையாக ஓடினால் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். இப்யூபுரூஃபன் காய்ச்சலைத் தணிக்கும், தொற்றைத் தீர்க்காது. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அதைப் போட்டுக்கொண்டு நீண்ட தூரம் ஓடினால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து. ஒரு வாரம் படுத்தால் மாதக்கணக்கில் சேர்த்த தகுதி போய்விடாது, இழப்பு சொற்பம்தான்.

நான் ஓடவில்லை, டாக்டரிடம் போனேன். ஈசிஜியும், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்தார். நல்லவேளை, இதயத்தில் ஒன்றுமில்லை. வெறும் மூக்கடைப்பு என்றால் மெதுவாக ஓடலாம், காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருந்தால் முழு ஓய்வு என்றார். காய்ச்சல் விட்ட பிறகும் முதலில் நடை, அப்புறம் மெதுவோட்டம். நெஞ்சு வலி, படபடப்பு, வழக்கமில்லாத மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு வரச் சொன்னார்.

இதைப் பயிற்சிக் குழுவில் பகிர்ந்தேன். பயிற்சியாளர் என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார். அதற்குள் இன்னொருவர் தன் அட்டவணையை எனக்கு அனுப்பியிருந்தார். அவர் வயது வேறு, வேகம் வேறு. ஆனால் அட்டவணை வரிக்கு வரி என்னுடையதேதான், அந்த 28 கி.மீ. உட்பட. மேலே பெயர் மட்டும் மாறியிருந்தது. கண்காணிப்பாம்!

மீதி வாரங்களை நிறுத்திவைக்கக் கேட்டேன், முடியாது என்றார். பணத்தைக் கேட்டதிலிருந்து பதிலே இல்லை.

கட்டணம் கட்டும் முன்பே, உடம்பு சரியில்லாமல் போனால் அட்டவணை எப்படி மாறும், கட்டிய பணம் என்னவாகும் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விலகிவிடுங்கள். மருத்துவச் சான்று காட்டினால் சில பந்தயங்களில் பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றித் தருவார்கள், கடைசித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். உரையாடல் முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவற்றை வைத்துத்தான் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன்.