மதிப்பீட்டாளர் சங்கத்தில் 11 வருடம்: இனிஷியல் மட்டும் இன்னும் சரியாகவில்லை

இந்த வருடமும் என் இனிஷியலைத் தப்பாகத்தான் அடித்திருக்கிறார்கள்.

இதை எழுத உட்கார்ந்ததற்கு அது மட்டும் காரணம் இல்லை. என் கல்லூரியிலேயே படித்த, எனக்கு ரொம்ப இளைய தம்பி ஒருவன் கன்னங்குறிச்சியில் புதிதாகச் சொத்து மதிப்பீட்டு ஆபீஸ் போட்டிருக்கிறான். போன வாரம் போன் செய்து, "அண்ணா, சங்கத்துல புதுசா சேர்றவங்களுக்கு முதல் வருஷச் சந்தா பாதிதானாம். சேரலாமா?" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆண்டுப் பொதுக்குழு முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. சான்றிதழ் வேறு அன்று காலையில்தான் கைக்கு வந்திருந்தது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்கு எழுதியதையே கொஞ்சம் நீட்டி இங்கே போடுகிறேன்.

ஒரு குழப்பம் மட்டும் வேண்டாம். கம்பெனிகள் சட்டம் 247-ஆம் பிரிவின்படி ஐபிபிஐ என்ற இந்திய திவால் வாரியத்தில் மதிப்பீட்டாளராகப் பதிவு வாங்க வேண்டுமென்றால், அங்கீகாரம் பெற்ற ஆர்விஓ ஒன்றில், அதாவது பதிவு மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில், உறுப்பினராக இருந்தே ஆகவேண்டும். அதற்கு 'சேரலாமா' என்ற கேள்வியே கிடையாது. நான் சொல்வது நம் சேலம் ஊர்ச் சங்கம். மனசிருந்தால் சேரலாம், இல்லாவிட்டால் தொழில் ஒன்றும் நின்றுவிடாது.

சரி, இனிஷியலுக்கு வருகிறேன். என் இனிஷியல் 'வி'. 2014-ல் சேர்ந்தபோது அன்றைய அலுவலக உதவியாளர் போனில் விவரம் கேட்டு எழுதிக்கொண்டார். சான்றிதழ் 'பி' என்று வந்தது. பரவாயில்லை, காதில் விழுந்ததில் கோளாறு என்று திருத்தச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். அடுத்த வருடமும் 'பி'. போன வருடக் கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி அடிக்கிறார்கள் என்பது அப்போது தெரியாது. மூன்றாம் வருடம் நேரில் போய் எழுதியே காட்டினேன். நான்காம் வருடம் இரண்டு தரப்புக்கும் சமரசமாக 'பி.வி.' என்று வந்தது. ஐந்தாம் வருடம் திரும்பவும் 'பி'.

ஓர் எழுத்துதானே, இதற்குப் போய் இவ்வளவா என்று வேறு தொழிலில் இருப்பவர்கள் கேட்கலாம். எங்கள் தொழிலே அந்த ஓர் எழுத்தில்தான் ஓடுகிறது. பட்டாவில் 'மாரிமுத்து', பத்திரத்தில் 'மாரியப்பன்' என்று இருந்தால் அறிக்கையில் குறிப்பு எழுதுகிறோம், கடன் அங்கேயே நிற்கிறது. மூலப்பத்திரத்தில் அப்பா பெயர் ஒரு மாதிரி, வில்லங்கச் சான்றில் வேறு மாதிரி என்றால், "இருவரும் ஒருவரேன்னு சான்று வாங்கிட்டு வாங்க" என்று எழுபது வயதுப் பெரியவரைக்கூடத் தாலுகா ஆபீசுக்கு அனுப்புகிறோம். சர்வே எண்ணில் உட்பிரிவு விடுபட்டால் அறிக்கையே செல்லாது. அப்படிப்பட்டவர்கள் கூடி நடத்தும் சங்கத்துக்குத் தன் உறுப்பினரின் இனிஷியலைச் சரியாக அடிக்கத் தெரியவில்லை என்றால் என்ன சொல்வது?

இது வெறும் வயிற்றெரிச்சலும் இல்லை. என்னைப் பேனலில், அதாவது மதிப்பீட்டுக்கு அழைக்கும் ஆட்களின் பட்டியலில், வைத்திருக்கும் வங்கி ஒன்று, புதுப்பிக்கும்போதெல்லாம் நடப்பு வருட உறுப்பினர் சான்றிதழைக் கேட்கிறது. மூன்று வருடத்துக்கு முன் வந்த மேலாளர் ரொம்பக் கறார். 'வி' யார், 'பி' யார் என்று கேட்டுவிட்டார். கடைசியில் கோர்ட் வாசலில் நோட்டரி வக்கீலைப் பிடித்து, நானும் நானும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி வாங்கினேன். அந்த வக்கீலின் வீட்டுக்கு நான்தான் மதிப்பீடு செய்திருந்தேன். கையெழுத்துப் போடும்போது அவர் சிரித்தார். "ஏன் சார், எங்களை எல்லாம் வாங்கிட்டு வரச் சொல்ற ஆளு நீங்கதானே?" அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பொதுக்குழுவைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து ரோடு பக்கம் ஓர் ஓட்டல் மாடியில் நடந்தது. போட்ட நாற்காலியில் பாதி காலி. உட்கார்ந்திருந்த தலைகளில் முக்கால்வாசி நரைத்தவை, என்னுடையதையும் சேர்த்து. ஆண்டறிக்கையில் வங்கிகள் எங்களுக்குத் தரும் கட்டணம் பற்றிய பத்தி போன வருடத்து வாசகம் மாறாமல் அப்படியே வந்தது: கட்டணத்தை உயர்த்தக் கோரி வங்கி அதிகாரிகளைச் சந்தித்தோம், ஆவன செய்வதாகக் கூறினார்கள். கூடவே ஒரு புகைப்படம், அதிகாரிக்கு நம்மவர்கள் பொன்னாடை போர்த்துகிறார்கள். கேட்கப் போனவர்கள் நாம், ஆடை அவருக்கு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் இடம் பார்த்து இறங்கினால், சில கடன்களுக்குக் கிடைக்கும் கட்டணம் பெட்ரோலுக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே சரியாகப் போகும். அதுவும் கணக்கில் ஏற மாதக்கணக்காகும். இதைப் பேச எழுந்த ஒருவரை நேரமாகிவிட்டது என்று உட்கார வைத்துவிட்டார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது.

கணக்கு வாசிப்பையும் சொல்லியாக வேண்டும். பொருளாளராக இருக்கும் மேடம் வந்த பிறகு வரவு செலவு அறிக்கை கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே தபாலில் வந்துவிடுகிறது. பொன்னாடைச் செலவுகூடத் தனித் தலைப்பில் இருக்கிறது. சங்கத்தில் எனக்குக் குறை சொல்லத் தோன்றாத ஒரே மேசை அவருடையது. சான்றிதழும் அவர் பொறுப்பில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

இப்போது மறுபக்கம். இதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

2018-ஐ மறக்க முடியாது. அதுவரை செல்வ வரிச் சட்டம், அதாவது 1957-ஆம் வருட வெல்த் டாக்ஸ் சட்டம், அதன் 34ஏபி பிரிவில் வாங்கிய பதிவை வைத்துத்தான் எங்களில் பெரியவர்கள் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வரியையே 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். வரி போனாலும் அந்தப் பதிவுக்கு வங்கிகளில் மதிப்பு இருந்தது. அப்புறம் 2017-ல் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் புது விதிகள் வந்தன. 50 மணி நேர வகுப்பு, கம்ப்யூட்டரில் தேர்வு, 60 சதவீதம் எடுத்தால்தான் பாஸ், தப்பான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழியும். 2019 ஜனவரி 31-க்குப் பிறகு இந்தப் பதிவு இல்லாமல் அந்தச் சட்டத்தின்படி மதிப்பீடு செய்ய முடியாது என்றாகிவிட்டது.

முப்பது வருடம் சுவரைத் தட்டிப் பார்த்தே பூச்சின் வயதைச் சொன்னவர்கள் அறுபது வயதுக்கு மேல் தேவை, அளிப்பு வரைகோட்டைப் படிக்க வேண்டி வந்தது. சங்கம் அன்று செய்த வேலைக்கு நான் எத்தனை வருடச் சந்தாவும் கொடுக்கலாம். அழகாபுரத்தில் ஓர் உறுப்பினரின் மொட்டை மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் தோறும் வகுப்பு. எங்களில் ஒருவர் பொருளாதாரம் எடுப்பார், ஒருவர் சட்டம், ஒருவர் சுற்றுச்சூழல். தட்டு வடை செட் வாங்கி வருவது முறை வைத்து நடந்தது. மவுஸைப் பிடிக்கவே கை நடுங்கிய ஒருவருக்கு, விடையைக் குறித்து அடுத்த கேள்விக்குப் போவது எப்படி என்று ஒரு முழு வாரம் சொல்லிக் கொடுத்தோம். இரண்டாவது முறை அவர் பாஸ் ஆனார். அன்று ராத்திரி குழுவில் வந்த குரல் பதிவில் பாதி அழுகை, பாதி சிரிப்பு.

வழிகாட்டி மதிப்பு விஷயத்திலும் சங்கம் கை கொடுத்தது. 2017 ஜூனில் மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பியது, கட்டணம் 2 சதவீதமாக இறங்கியது. இரண்டு தடவையும் வங்கிகளில் ஒரே கேள்விதான்: போன மாதம் ஒரு தொகை எழுதினீர்கள், அரசாங்கமே மதிப்பை மாற்றிவிட்டது, உங்கள் சந்தை மதிப்பு மட்டும் ஏன் மாறவில்லை? வழிகாட்டி மதிப்பு முத்திரைத் தீர்வைக்காக அரசு வைப்பது, சந்தை மதிப்பு வாங்குபவனும் விற்பவனும் ஒத்துக்கொள்ளும் விலை என்று ஒவ்வொரு கிளையிலும் போய் வாய் வலிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. செயலாளர் ஒரே நாளில் ஒரு பக்கக் குறிப்புத் தயார் செய்து அனுப்பினார். அறிக்கையில் அப்படியே ஒட்டிக்கொள்ளலாம், அவ்வளவு தெளிவு. அதே செயலாளர்தான் என் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவரும். அதுதான் எனக்கு விளங்கவே இல்லை.

எல்லாவற்றையும் விட, நான் எதிர்பார்க்காமலே கிடைத்தது மலை விவரம்.

சேலத்துக்குள் விலை சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. ஃபேர்லண்ட்ஸிலோ சூரமங்கலத்திலோ ஒரு தெருவில் ஏதாவது கைமாறிக்கொண்டே இருக்கும், நாலு பேரிடம் விசாரித்தால் சதுர அடி விலை கிடைத்துவிடும். சேர்வராயன் மலை மேல் அது நடக்காது. காபித் தோட்டம் விற்பதே அபூர்வம். விற்றாலும் பத்திரத்தில் போட்ட தொகையை நம்ப முடியாது. ஏக்கர் விலை சாலைக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, சரிவுக்கு ஒன்று. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தையும் அதில் ஏறிய மிளகுக் கொடியையும் தனியாகப் பார்க்க வேண்டும். கட்டடம் கட்டும் நோக்கத்தில் வாங்குகிறார்கள் என்றால் ஹாக்கா என்ற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி கிடைக்குமா என்பது தனிக் கதை.

ஒருமுறை நாகலூர் பக்கம் மூன்று ஏக்கர். வாங்குபவர் என்னை ஜீப்பில் நேராகத் தோட்டத்துக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கினார். நல்ல வண்டிப்பாதை. சாலை வசதி உண்டு என்று எழுதத்தான் இருந்தேன். பழக்க தோஷத்தில் ராத்திரி ஒன்பது மணிக்குக் குழுவில், அந்தப் பக்கம் சமீபத்தில் ஏதாவது விற்றதா என்று கேட்டேன். பத்து நிமிடத்தில் போன். ஒண்டிக்கடை பக்கம் குடியிருக்கும் மூத்த உறுப்பினர், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"தம்பி, அந்தப் பாதையில கேட் பார்த்தியா?"

"திறந்திருந்துச்சு சார்."

"இன்னிக்கி உனக்காகத் திறந்திருக்கும். அது பக்கத்து எஸ்டேட் தடம். பத்திரத்துல தடம்னு இருக்கா, நடைபாதைன்னு இருக்கா? நல்லா படி. எஃப்எம்பியில பாதை இருக்கா, அதையும் பாரு."

படித்தேன். 'மாமூல் நடைபாதை' என்றுதான் இருந்தது. எஃப்எம்பியில், அதாவது சர்வே துறையின் நில அளவை வரைபடத்தில், பாதையே இல்லை. நடந்து போக உரிமை உண்டு, வண்டி போக உரிமை இல்லை. நான் மனசில் வைத்திருந்த தொகை கிட்டத்தட்ட பாதியாக இறங்கியது. வாங்குபவர் முதலில் கோபப்பட்டார், அப்புறம் வாங்காமலே விட்டுவிட்டார். அந்தக் கடன் போயிருந்து, பின்னால் வங்கி ஏலத்துக்கு வந்து, யாராவது அந்த கேட் முன்னால் ஜீப்போடு நின்றிருந்தால் முதலில் என் பேரைத்தான் இழுத்திருப்பார்கள். 'வி'யாக இருந்தாலும் 'பி'யாக இருந்தாலும். நன்றி சொல்ல மறுநாள் கூப்பிட்டேன். "அதை விடு, மேல வந்தா வீட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டுப் போ" என்றார்.

இந்த மாதிரி போன் எந்த ஆப்பிலும் வராது. இளைஞர்கள் சேராததால் அடுத்த பத்து வருடத்தில் இப்படி போன் செய்ய ஆள் இருப்பார்களா என்பதும் தெரியவில்லை. அந்தப் பெரியவருக்கு இப்போது கண்ணில் அறுவை சிகிச்சை. பொதுக்குழுவுக்கு வரவில்லை. அவர் வராததை ஆண்டறிக்கையில் ஒரு வரியாகக்கூடச் சொல்லவில்லை. இனிஷியலை விட இது எனக்கு அதிகமாக உறைத்தது, ஆனால் இதற்குக் கடிதம் எழுதிக் கேட்க முடியாது.

ஆக, தம்பிக்கு என்ன பதில்? மேலே எழுதியதை எல்லாம் கூட்டிப் பார்த்தால் சேர் என்றுதான் வர வேண்டும். எனக்கு இன்று சேர் என்று சொல்ல வாய் வரவில்லை. சான்றிதழ் மேசை மேல் கிடக்கிறது, அந்த 'பி' என்னையே பார்க்கிறது. வரும் திங்கட்கிழமை அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போக வேண்டும், கூடவே பழைய உறுதிமொழிப் பத்திரத்தையும். அதனால், இந்த வருடம் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று எழுதி அவனுக்கு அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது. பாதிச் சந்தா நேற்றோடு முடிகிறது என்று சொன்னார்களாம், அதனால் என்னைக் கேட்காமலே கட்டிவிட்டானாம். ரசீதையும் அனுப்பியிருந்தான். பெரிதாக்கிப் பார்த்தேன். அவன் இனிஷியலைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.