இனிஷியலைத் தொலைக்காத தளம் எது? வேதியியல் பேராசிரியர்களுக்கான ஆய்வாளர் பக்கங்கள், ஒரு மதிப்பீடு

குமரேசன் மகன் செந்தில்குமார் என்று ஒரு வேதியியலாளரை வைத்துக்கொள்வோம். கிண்டியில் பிஎச்.டி. செய்தபோது வந்த கட்டுரைகளில் அவர் ‘கே. செந்தில்குமார்’. மேலாய்வுக்குக் கொரியா போனதும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ‘செந்தில்குமார் குமரேசன்’ ஆனார். இணையாசிரியர் ஒருவர் தட்டச்சு செய்து அனுப்பிய கட்டுரையில் செந்திலுக்கும் குமாருக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. தரவுத்தளத்தின் கண்ணுக்கு இப்போது இவர் மூன்று ஆள்: ‘செந்தில்குமார், கே.’, ‘குமரேசன், எஸ்.’, ‘குமார், கே.எஸ்.’. மூன்றாவது பெயரில் இந்தியா முழுக்க எத்தனை பேர் இருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

ஆய்வாளர்களின் கட்டுரைகளைப் பட்டியலிடும் தளங்களில் பெரும்பாலானவை குடும்பப் பெயர் வழக்கம் உள்ள ஊர்க்காரர்கள் கட்டியவை. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நம் வழக்கம் அவர்கள் கணக்கில் இல்லை. பேராசிரியர் நியமனம், டீன், பதிவாளர், கடைசியில் துணைவேந்தர் தேடல் குழு என்று மேலே போகப் போக இந்தப் பிளவு புள்ளிகளைத் தின்னும். ஆர்கிட், ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர், வித்வான் நான்கையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் இங்கே பார்க்கிறோம்.

ஆர்கிட்டில் தொடங்குங்கள். ஆய்வாளர்களுக்கு அடையாள எண் தரும், 2012இல் வந்த இலவசச் சேவை. நான்கு நான்காகப் பிரித்த 16 இலக்க எண் கிடைக்கும். சிலருக்குக் கடைசி இடத்தில் எக்ஸ் வரும். அது சரிபார்ப்புக் குறி, பிழை என்று நினைத்து விண்ணப்பத்தில் விட்டுவிடக் கூடாது. பதிவுப் படிவத்தில் கடைசிப் பெயர் கட்டாயமில்லை. ஆனாலும் காலியாக விடாதீர்கள், ஏனென்றால் இதழ்களின் கட்டுரைச் சமர்ப்பிப்புப் பக்கங்கள் அதைக் கேட்கும், அங்கே அவசரத்தில் எதையாவது நிரப்பிவிடுவோம். முதல் பெயர்க் கட்டத்தில் இனிஷியல், கடைசிப் பெயர்க் கட்டத்தில் உங்கள் சொந்தப் பெயர், இப்படிப் போட்டால்தான் மேற்கோளில் ‘செந்தில்குமார், கே.’ என்று வரும். பாஸ்போர்ட் வடிவம், இடைவெளி விழுந்த வடிவம், பழைய எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் ‘பிற பெயர்கள்’ பகுதியில் சேர்த்துவிடுங்கள். திருமணத்துக்குப் பிறகு அப்பா இனிஷியலிலிருந்து கணவர் இனிஷியலுக்கு மாறிய பேராசிரியைகளுக்கு இந்த ஒரு பகுதிக்காகவே ஆர்கிட் தேவை.

மின்னஞ்சல் விஷயத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். கல்லூரி முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பழைய முகவரி மூடப்படும்; கடவுச்சொல்லை மீட்க வழியிருக்காது. உடனே இரண்டாவது கணக்கு, இரண்டாவது எண். சொந்த மின்னஞ்சல் ஒன்றையும் முதல் நாளே சேர்த்துவிட்டால் இந்த வம்பு இல்லை. ஏற்கெனவே இரண்டு எண் இருந்தால் கணக்கு அமைப்புகளில் இரட்டைப் பதிவை நீக்கும் வசதி உண்டு.

கட்டுரைகளைச் சேர்க்கும் வரிசையும் முக்கியம். முதலில் ஸ்கோபஸ் இணைப்பு, பிறகு கிராஸ்ரெஃப் (டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் அமைப்பு) தேடல், எஞ்சியவற்றுக்கு மட்டும் பிப்டெக்ஸ் (மேற்கோள் விவரங்களைச் சேமிக்கும் வடிவம்) கோப்பு. தலைகீழாகச் செய்தால் ஒரே கட்டுரை இரண்டு மூன்று முறை நிற்கும். ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாளமான டிஓஐ எண் பொருந்தினால்தான் ஆர்கிட் இரண்டையும் ஒரே கட்டாகச் சேர்க்கும். வேதியியல் தலைப்புகளில் இது மற்றத் துறைகளைவிட மோசம்: மியூ, ஆல்ஃபா போன்ற கிரேக்க எழுத்துகளும் வாய்பாட்டின் கீழெண்களும் ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு விதமாக உடையும், தலைப்பை வைத்துப் பொருத்தம் பார்க்க முடியாது.

படிக அமைப்பு வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. கேம்பிரிட்ஜ் படிகத் தரவு மையத்தில் வைத்த ஒவ்வோர் அமைப்புக்கும் தனி டிஓஐ உண்டு. தானியங்கிப் புதுப்பிப்பை அனுமதித்திருந்தால் அவை வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆர்கிட்டிலாவது ‘தரவுத் தொகுப்பு’ என்று தனி வகையாக நிற்கும். கூகுள் ஸ்காலரில் கட்டுரைகளோடு கட்டுரையாகக் கலந்துவிடும், பக்கத்தைத் திறந்தவர் இவர் கட்டுரை எண்ணிக்கையை ஊதிக் காட்டுகிறார் என்று நினைக்க இடமுண்டு. கையால் நீக்கத்தான் வேண்டும்.

ஆர்கிட்டின் குறை ஒன்றே: அதில் உள்ளது பெரும்பாலும் நீங்களே சொல்லிக்கொள்வது. ஹெச்-இன்டெக்ஸ் (கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவீடு) கிடையாது, மேற்கோள் எண்ணிக்கை கிடையாது. அடையாள அட்டையாக மதிப்பு உண்டு, சான்றிதழாக இல்லை.

சான்றாகக் குழுக்கள் பார்ப்பது ஸ்கோபஸை. நீங்கள் பதிவே செய்யாவிட்டாலும் அங்கே உங்களுக்கு ஒரு பக்கம் இருக்கும், பெரும்பாலும் இரண்டு. எல்சவியர் பதிப்பகம் 2004இல் தொடங்கிய கட்டுரை, மேற்கோள் தரவுத்தளம். சந்தா இல்லாமலும் ஆசிரியர் தேடலைத் திறந்து சுருக்கப் பக்கத்தைப் பார்க்கலாம். தேடும்போது சொந்தப் பெயரைக் கடைசிப் பெயராகவும், அடுத்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராகவும், பிறகு இடைவெளி விட்டும் என மூன்று தடவை தேடுங்கள். கிடைக்கும் பக்கங்களைத் தேர்ந்தெடுத்து ஒன்றிணைக்கக் கோரும் வழி அங்கேயே உண்டு. பயன்படுத்த வேண்டிய பெயரைத் தேர்வு செய்வது, உங்களுடையது அல்லாத கட்டுரைகளைக் கழிப்பது, விடுபட்டதைத் தேடிச் சேர்ப்பது என்று படிப்படியாகப் போகும்.

இதில் நேர்மை கொஞ்சம் வலிக்கும். ‘குமார், கே.எஸ்.’ பக்கத்தில் இருக்கும் ஊரார் கட்டுரைகளைக் கழித்தால் ஹெச்-இன்டெக்ஸ் இறங்கும். இறங்கினாலும் கழித்துவிடுங்கள். நேர்காணலில் அமர்ந்திருக்கும் துறை நிபுணருக்கு, கனிம வேதியியலாளர் பெயரில் கான்கிரீட் வலிமை பற்றிய கட்டுரை நிற்பதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். திருத்தம் உடனே ஏறாது, சில வாரம்கூட ஆகலாம். ஆகவே பதவிக்கான விளம்பரம் வந்த பிறகு தொடங்கும் வேலை அல்ல இது.

அடுத்தது நிறுவனப் பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகளில் இருப்பவர்கள் முகவரி வரியில் கல்லூரிப் பெயரோடு ‘சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது’ என்றும் எழுதுவார்கள். தரவுத்தளம் சில சமயம் கல்லூரியை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தைப் பிடித்துக்கொள்ளும். 1996க்கு முந்தைய கட்டுரைகளில் ஊர்ப் பெயர் மெட்ராஸ். அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரிக் கட்டுரைகளோ 1978க்கு முன் சென்னைப் பல்கலைக்கழகம், பின் அண்ணா பல்கலைக்கழகம். பழையதைச் சரிசெய்ய முடியாவிட்டாலும் இனி எழுதும் கட்டுரைகளிலாவது ஒரே வடிவத்தை எல்லா மாணவர்களையும் பயன்படுத்தச் சொல்லுங்கள்: துறை, கல்லூரி, சென்னை, அஞ்சல் குறியீடு. இணைவு வாசகம் வேண்டாம்.

இனி புள்ளிக் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி நேரடி நியமனத்தில் பேராசிரியராக 10 ஆண்டு அனுபவம், 10 கட்டுரைகள், முனைவர் பட்ட வழிகாட்டலுக்குச் சான்று, ஆய்வு மதிப்பெண் 120 வேண்டும். அறிவியல் துறையில் ஒரு கட்டுரைக்கு 8 புள்ளி. அதன்மேல் இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோளைக் காட்டும் எண்) பொறுத்துக் கூடுதல்: 1க்குக் கீழே 10, 1 முதல் 2 வரை 15, 2 முதல் 5 வரை 20, 5 முதல் 10 வரை 25, அதற்கு மேல் 30. இரண்டுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இருந்தால் முதல் ஆசிரியருக்கோ தொடர்பு ஆசிரியருக்கோ (கட்டுரைக்குப் பொறுப்பேற்று இதழோடு தொடர்பில் இருப்பவர்) 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம்.

இம்பாக்ட் ஃபேக்டர் 3.2 உள்ள இதழில் ஆறு பேர் எழுதிய கட்டுரை என்றால் 8 கூட்டல் 20, மொத்தம் 28. தொடர்பு ஆசிரியருக்கு 19.6, பட்டியலின் நடுவில் நிற்பவருக்கு 8.4. அதாவது இப்படிப்பட்ட 7 கட்டுரைகளில் ஒருவர் 120ஐத் தாண்டுவார், இன்னொருவருக்கு 15 தேவை. ஸ்கோபஸ் கட்டுரைப் பட்டியலின் அச்சுப்பிரதியை மட்டும் வைத்து யார் தொடர்பு ஆசிரியர் என்று காட்டுவது கடினம். அதனால் ஒவ்வொரு கட்டுரையின் முதல் பக்கத்தையும், நட்சத்திரக் குறி தெரியும்படி, தனிக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். இன்னொரு வழக்கமான பிழை: ஸ்கோபஸ் காட்டும் சைட்ஸ்கோரை (இதழுக்கு அது தரும் சொந்த மதிப்பீட்டு எண்) இம்பாக்ட் ஃபேக்டர் என்று நிரப்புவது. இரண்டும் வேறு. விதி தாம்சன் ராய்ட்டர்ஸ் பட்டியலைச் சொல்கிறது; அந்தப் பிரிவு 2016இல் கிளாரிவேட் ஆகிவிட்டது, ஆகவே எண்ணை அவர்களுடைய இதழ் மேற்கோள் அறிக்கையிலிருந்துதான் எடுக்க வேண்டும். சைட்ஸ்கோர் பல இதழ்களுக்குக் கூடுதலாக இருக்கும், சரிபார்ப்பவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

கட்டுரையை மட்டும் குவித்தும் பயனில்லை. ஆறு வகைகளில் குறைந்தது மூன்றிலிருந்து மதிப்பெண் வர வேண்டும். சிறப்புரை, கருத்தரங்கு, கொள்கை ஆவணம் இவற்றின் பங்கு மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பட்டம் பெற்ற ஒவ்வொரு பிஎச்.டி. மாணவருக்கும் 10 புள்ளி. இதற்குச் சான்று தேட நல்ல இடம் ஷோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம். வழிகாட்டியின் பெயரை அங்கேயும் மூன்று விதமாகத் தேடுங்கள், நூலகத்தில் யாரோ ஒருவர் ஏற்றிய பெயர்தான் அங்கே இருக்கும்.

கூகுள் ஸ்காலரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆய்வேடு, முன்வரைவு, மாநாட்டு மலர் எல்லாவற்றின் மேற்கோளையும் அது எண்ணும். ஹெச்-இன்டெக்ஸ் ஸ்கோபஸைவிட ஏறக்குறைய எப்போதும் கூடுதலாகவே காட்டும். தானாகக் கட்டுரை சேர்க்கும் அமைப்பை அணைத்துவிட்டு, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும் அமைப்பை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு வருடத்தில் இன்னொரு செந்தில்குமாரின் மருத்துவக் கட்டுரைகள் வந்து சேரும். விண்ணப்பத்தில் எண்ணைக் குறிப்பிடும்போது எந்தத் தளம், எந்தத் தேதி என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

வித்வான் காந்திநகரின் இன்ஃப்லிப்நெட் (பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மையம்) நடத்தும் நிபுணர் பட்டியல். தோற்றம் பழைய அரசு அலுவலகப் படிவம் போலத்தான். ஆனால் நிர்வாகப் பொறுப்பு, விருது, குழு உறுப்பினர் பதவி எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களின் ஐஆர்ஐஎன்எஸ் (ஆய்வுத் தகவல் அமைப்பு) பக்கங்கள் இதிலிருந்தே தரவை எடுக்கின்றன. ஆய்வகத்தைவிட்டு அலுவலக அறைக்கு நகரும் பேராசிரியருக்கு நான்கில் இதுவே அதிகம் பயன்படும் என்பது எங்கள் கருத்து. ஸ்கோபஸுக்கு நீங்கள் துறைத் தலைவரா, டீனா என்பது தெரியவே தெரியாது.

துணைவேந்தர் பதவிக்கு 2018 விதி கேட்பது பேராசிரியராக 10 ஆண்டு, அல்லது பெயர்பெற்ற ஆய்வு, கல்வி நிர்வாக நிறுவனத்தில் 10 ஆண்டு. தேடல் குழு 3 முதல் 5 பேர் கொண்ட பட்டியலைத் தர வேண்டும். கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரே பெயரைப் பரிந்துரைத்தது 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நியமனத்தை ரத்து செய்யக் காரணங்களில் ஒன்றாயிற்று. இப்படித் துருவிப் பார்க்கும் காலத்தில் தேதி முரண்பாடு ஆபத்து. பதவி உயர்வுத் திட்டத்தில் பேராசிரியரானவர்களுக்கு ஆணை வந்த தேதி ஒன்று, நடைமுறைக்கு வந்த தேதி இன்னொன்று. ஆர்கிட்டின் பணி விவரத்திலும் வித்வானிலும் ஒரே தேதியைப் போடுங்கள், ஆணை நகலில் உள்ளதை.

வேதியியலிலிருந்து துணைவேந்தர் நாற்காலிக்குப் போவது சென்னைக்குப் புதிதல்ல. பலபடி வேதியியலாளர் எம். சாந்தப்பா மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவன இயக்குநராக இருந்தவர், திருப்பதியிலும் சென்னையிலும் துணைவேந்தராக இருந்தார். ஐஐடியின் பி.டி. மனோகரனும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். மனோகரன் என்ற பெயர் எத்தனை பேருக்கு இருந்தாலும் ‘மனோகரன், பி.டி.’ என்றால் ஆள் தேடுவது எளிது. இரண்டு இனிஷியல் உள்ளவர்கள் இரண்டையும் விடாமல் எழுதுங்கள். அதில் ஒன்று ஊர்ப் பெயராக இருந்தாலும் சரி.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. ஸ்கோபஸ் பக்கங்களை இணைத்துத் தருகிறோம், ஹெச்-இன்டெக்ஸை ஏற்றித் தருகிறோம் என்று காசு கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். இணைப்பது இலவசம், ஒரு மாலை வேலை. ஏற்றித் தருகிறோம் என்பவர்கள் விற்பது மேற்கோள் மோசடி. ஆர்கிட் கடவுச்சொல்லை அவர்களிடம் கொடுத்தால் உங்கள் பெயரில் என்னென்ன கட்டுரை ஏறும் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு உங்கள் நூலகரைப் பிடியுங்கள், ஸ்கோபஸ் சந்தா உள்ள வளாகம் என்றால் அங்கேயே உட்கார்ந்து முடித்துவிடலாம்.